குழந்தை கையில் வசூல் அட்டை கொடுக்கலாமா? சின்னப் பள்ளிக்கூடத்துக்குப் பணம் சேர்ப்பது பற்றி

குத்தாலத்து அம்மா:

எங்கள் மகன் மூன்றாவது படிக்கிற பள்ளி ரொம்பச் சின்னது. எல்கேஜி முதல் ஐந்தாவது வரை எல்லாம் சேர்த்து நூற்று முப்பது பிள்ளைகள் இருப்பார்கள். உள்ளூர் அறக்கட்டளை நடத்துகிறது. பின்னால் பெரிய கைகள் யாரும் கிடையாது. எந்தப் பிள்ளையை எந்தப் பாட்டி கூட்டிப்போக வருவார் என்று வாட்ச்மேன் அண்ணனுக்கு அத்துப்படி. இந்த நெருக்கத்துக்காகத்தான் பஸ் விட்டு ஏற்றிப்போகும் பெரிய பள்ளிகளை விட்டுவிட்டு இங்கே சேர்த்தோம். இந்த வருஷம் பெற்றோர் குழுவில் என்னையும் போட்டிருக்கிறார்கள்.

விஷயம் இதுதான். பின்பக்கத்து இரண்டு வகுப்புகளுக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். ஜூனில் பள்ளி திறந்தால் மத்தியானம் பிள்ளைகள் வெந்துபோகிறார்கள். ஐப்பசி மழை வந்தால் டீச்சர் பேசுவது முதல் பெஞ்சுக்கே கேட்காது. ஷீட்டை எடுத்துவிட்டுத் தளம் போட வேண்டும், பெண் பிள்ளைகளுக்குக் கூடுதலாக இரண்டு கழிப்பறை கட்ட வேண்டும். கொத்தனார் சொன்ன கணக்கு ஏழு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. பாதி அறக்கட்டளையிடம் இருக்கிறது. மீதிக்கு நாம்தான் வழி பார்க்க வேண்டும்.

கூட்டத்தில் வந்த யோசனை: ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வசூல் அட்டை. அதில் இருபது கட்டம், கட்டத்துக்கு 50 ரூபாய். சொந்தக்காரர், அக்கம்பக்கத்து வீடு, அப்பாவின் ஆபீஸ் என்று போய் நிரப்பிக்கொண்டு வர வேண்டும். அதிகம் கொண்டுவரும் மூன்று பேருக்கு ஆண்டு விழா மேடையில் கேடயம்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. என் பையன் பக்கத்தில் உட்காரும் பிள்ளை ஆர்டிஇ (கல்வி உரிமைச் சட்டம்) ஒதுக்கீட்டில் கட்டணமில்லாமல் சேர்ந்தவள். அவள் அம்மா பூக்கட்டி விற்கிறார். அந்தப் பிள்ளை அட்டையை எங்கே கொண்டுபோய் நீட்டும்? கூட்டத்தில் இதைச் சொன்னேன். "அவங்களால முடிஞ்சது கொண்டு வரட்டும், யாரும் கட்டாயப்படுத்தலையே" என்று பதில் வந்தது. கட்டாயம் இல்லைதான். ஆனால் கேடயம் இருக்கிறதே.

பள்ளிக்குப் பணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கூரை மாறியே ஆக வேண்டும். உங்கள் ஊர்ப் பள்ளிகளில் வேறு எப்படிச் செய்தீர்கள்?

நாலாம் வகுப்பு டீச்சர்:

அம்மா, நீங்கள் சொன்னது சரி. பல வருஷமாகச் சின்னப் பள்ளிகளில்தான் வேலை பார்க்கிறேன், அட்டை முறையைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய திங்கட்கிழமை வருகைப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். நாலைந்து பிள்ளைகள் வந்திருக்க மாட்டார்கள். செவ்வாய்க்கிழமை வந்து காய்ச்சல் என்பார்கள். வந்தவர்களிலும் சிலர் அட்டையைப் பையின் அடியில், நோட்டுக்கு உள்ளே மடித்து வைத்திருப்பார்கள். கேட்டால்தான் எடுப்பார்கள். எடுக்கும்போது பக்கத்தில் இருப்பவன் எத்தனை கட்டம் என்று எட்டிப் பார்ப்பான்.

கணக்கு வாங்குவதும் டீச்சர் தலையில்தான் விழும். முதல் பீரியட் முழுக்கச் சில்லறை எண்ணுவதிலேயே போகும். யார் வீட்டில் எவ்வளவு கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியவே கூடாது. தெரிந்துவிட்டால் அது என் மனசில் எங்காவது உட்கார்ந்துகொள்ளும். நான் எவ்வளவு நல்ல டீச்சராக இருந்தாலும் அந்த ஆபத்து உண்டு.

தெரியாத வீட்டு வாசலில் எட்டு வயதுப் பிள்ளை தனியாகப் போய் நிற்பது வேறு. அதைப் பற்றி இந்தக் காலத்தில் நான் விளக்க வேண்டியதில்லை.

பெரியகடைத் தெரு:

கொஞ்சம் மாற்றிப் பேசுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டிசம்பர் 7 கொடி நாளுக்கு உண்டியலைத் தூக்கிக்கொண்டு கடை கடையாகப் போன தலைமுறை நாங்கள். என் கூச்சம் விட்டது அங்கேதான். முன்பின் தெரியாத ஆளிடம் நின்று, "ஐயா, இது இன்ன காரியத்துக்கு" என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். இன்றைக்குக் கடை வைத்துப் பிழைக்கிறேன் என்றால் அதுவும் ஒரு காரணம். பிள்ளைகளைப் பொத்திப் பொத்தி வளர்த்தால் நாளைக்குப் பத்துப் பேர் முன்னால் எப்படிப் பேசுவார்கள்? தன் பள்ளிக்கூடத்துக்குத் தானே உழைத்தோம் என்ற பெருமையும் பிள்ளைக்கு இருக்கட்டுமே.

குத்தாலத்து அம்மா:

அண்ணே, கூச்சம் விடுவது நல்லதுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் கொடி நாள் உண்டியலுக்கு வாய் மூடி இருந்தது. எவ்வளவு விழுந்தது என்று உங்கள் பெயருக்கு எதிரே யாரும் எழுதவில்லை. பணம் போனது படைவீரர் குடும்பங்களுக்கு. இங்கே பணம் பிள்ளை தினமும் உட்காருகிற வகுப்புக்கே வருகிறது, பெயரும் எழுதப்படுகிறது, பரிசும் இருக்கிறது. கூச்சம் விட வேறு வழி தேடலாம்.

விருதைக்காரன்:

இந்தப் பேச்சில் எங்கள் ஊர்க் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலை என்று ஒரு பள்ளி. காமராசர் படித்தது அங்கேதான். அரசாங்கம் கட்டிய பள்ளி இல்லை, நாடார் உறவின்முறை என்ற சாதிச் சங்கம் நடத்தியது. வியாபாரிகள் தங்கள் வரவில் ஒரு பங்கை மகமை என்று பொதுவுக்கு ஒதுக்குவார்கள். அது கடை வைத்திருப்பவர்களுக்கு. வீடுகளுக்கு வேறு ஏற்பாடு, அதுதான் பிடியரிசி. உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். அப்படிச் சேர்ந்ததை வீடு வீடாக வந்து வாங்கிப் போய்ப் பள்ளிச் செலவுக்கு ஆக்கினார்கள். பிள்ளைகளிடம் சம்பளம் வாங்காமல் பள்ளி நடந்தது இந்த அரிசியால்.

இதில் நான் திரும்பத் திரும்ப யோசிப்பது ஒரு விஷயத்தை. கை எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு. மில் முதலாளி வீட்டிலும் ஒரு பிடி, மூட்டை தூக்குபவர் வீட்டிலும் ஒரு பிடி. எடுத்தது அடுப்படியில் இருக்கும் அம்மா, பிள்ளைக்கு அதில் வேலையே இல்லை. சாக்கில் கொட்டியபின் யார் வீட்டு அரிசி எது என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தச் சாதிக்குள் மட்டும் இருந்த ஏற்பாடு என்ற குறை உண்டு, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாங்கிய முறையில் ஒரு மரியாதை இருந்தது.

உங்கள் பள்ளிக்கும் அந்த வழியில் ஏதாவது பாருங்கள் அம்மா. சின்னத் தொகை, எல்லோரும் தரக்கூடியது, பெரியவர்கள் கையால் வருவது.

ஆலங்குடி பக்கம்:

புதுக்கோட்டை மாவட்டத்தில் நாங்கள் செய்வது கல்விச் சீர். பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். கல்யாணத்துக்குச் சீர் கொண்டுபோவது போலவே தாம்பூலத் தட்டு, மேளதாளம், பின்னாலேயே பீரோ, மின்விசிறி, நாற்காலி, தண்ணீர் டிரம், பாய், நோட்டுக் கட்டு என்று ஊரே தெருவழியாக அரசுப் பள்ளிக்குக் கொண்டுபோய் இறக்கும். தலைமையாசிரியர் வாசலில் நின்று சந்தனம் கொடுத்து வாங்கிக்கொள்வார். இப்போது பல மாவட்டங்களில் நடக்கிறது. இதற்கு முன்னோடி என்று சொன்னால் காமராசர் முதல்வராக இருந்த காலத்தில் கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைச் சொல்ல வேண்டும். பள்ளிக்கு என்ன தேவை என்று பட்டியல் போட்டு ஊர் நடுவில் வைப்பார்கள். ஒருவர் நிலம், ஒருவர் பெஞ்சு, ஒருவர் கடிகாரம் என்று ஏற்றுக்கொள்வார்கள்.

தனியார் பள்ளிக்குச் சீர் எடுத்துப் போகலாமா என்று சிலர் கேட்பார்கள். கட்டணம் வாங்கும் பள்ளிக்கு ஊர் ஏன் கொடுக்க வேண்டும் என்பது நியாயமான கேள்வி. என் பதில்: கொடுப்பது அந்தப் பள்ளிப் பெற்றோரோடு நிற்கட்டும், ஊரிடம் போக வேண்டாம். ஊர்ப்பணம் முதலில் அரசுப் பள்ளிக்குப் போகட்டும்.

இன்னொன்று. எங்கள் பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடக்கும். எல்லாம் நோட்டில் ஏறும், திரும்பச் செய்தே ஆக வேண்டும். பள்ளிக்குக் கொடுக்கும் பணம் மொய்யாக மாறிவிடக்கூடாது. "நான் ஐம்பதாயிரம் கொடுத்தேன், என் தம்பி பிள்ளைக்கு எல்கேஜி சீட்டு தரணும்" என்று அடுத்த வருஷம் வந்து நிற்பார்கள். வாங்கும்போதே அதற்குக் கதவைச் சாத்திவிட வேண்டும்.

கணக்கர்:

ஆலங்குடி ஐயா கடைசியில் சொன்னது சட்டத்திலும் இருக்கிறது. ஆடிட்டர் அலுவலகத்தில் பள்ளி அறக்கட்டளைகளின் கணக்குப் பார்ப்பவன் என்ற முறையில் சில விஷயங்களைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

சேர்க்கையோடு சம்பந்தப்படுத்தி வாங்கும் எந்தப் பணமும் நன்கொடை ஆகாது. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 13 அதைத் தடை செய்கிறது. மீறினால் வாங்கிய தொகையைப் போல் பத்து மடங்கு வரை அபராதம். தமிழ்நாட்டில் 1992ஆம் வருஷச் சட்டம் ஒன்றும் தனியாக இருக்கிறது. அதுபோக, கட்டணத்தை ஒழுங்குபடுத்தும் 2009ஆம் வருஷச் சட்டப்படி அரசுக் கட்டணக் குழு நிர்ணயித்ததற்கு மேல் வாங்கக்கூடாது. "கட்டட நிதி" என்று ஒரு தொகையைப் போட்டுப் பீஸ் ரசீதோடு சேர்த்து எல்லோரிடமும் வாங்கினால், பெயர் என்னவாக இருந்தாலும் அது கட்டணமாகத்தான் பார்க்கப்படும். எனவே பள்ளி அலுவலகத்தில் பீஸ் கட்டும் ஜன்னலில் நன்கொடை வாங்காதீர்கள். தனி ரசீதுப் புத்தகம், தனி வங்கிக் கணக்கு இருந்தால் நல்லது.

அறக்கட்டளைக்கு வருமான வரித்துறையின் நன்கொடைச் சலுகைப் பதிவு (80ஜி என்று சொல்லிப் பழகியது) இருந்தால் கொடுப்பவருக்கு வரிச்சலுகை கிடைக்கும், பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும். ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய்க்கு மேல் சலுகை கிடையாது. அதற்கு மேல் என்றால் காசோலையோ வங்கிப் பரிமாற்றமோதான். பலர் பிள்ளையின் பீஸுக்குக் கிடைக்கும் வரிச்சலுகையில் நன்கொடையையும் சேர்த்துக் காட்டிவிட்டுப் பின்னால் நோட்டீஸ் வாங்குகிறார்கள். அது வேறு, இது வேறு.

யாராவது குலுக்கல் சீட்டு போடலாம் என்று சொல்வார்கள், எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் சொல்வார். வேண்டாம். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. பணம் வாங்கிச் சீட்டு விற்றுக் குலுக்கிப் பரிசு கொடுப்பது நேராகச் சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும்.

தோஹாவிலிருந்து:

என் பொண்ணும் இதே மாதிரி ஒரு சின்னப் பள்ளியில்தான் படிக்கிறாள், ஊரில் அம்மாவோடு இருக்கிறாள். நான் இங்கிருந்து நேரடியாகப் பள்ளி அறக்கட்டளைக்கு அனுப்பலாமா? வெளிநாட்டுப் பணம் என்று வாங்க மறுக்கிறார்கள்.

கணக்கர்:

தம்பி, உங்களிடம் இந்திய பாஸ்போர்ட் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இந்தியக் குடிமகன் எந்த நாட்டில் இருந்தாலும் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தில் வராது. பள்ளி வாங்கிக்கொள்ளலாம். பாஸ்போர்ட் நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் என்றால், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டுப் பங்களிப்புதான். அந்தச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத அறக்கட்டளை ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது. உங்கள் கூட வேலை பார்க்கும் வெளிநாட்டு நண்பர்களிடம் வசூலித்து மொத்தமாக உங்கள் பெயரில் அனுப்பினால் அதுவும் தவறு.

ஒரு தாளாளர்:

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன், எழுதலாமா வேண்டாமா என்று. நானும் ஒரு சின்னப் பள்ளி நடத்துகிறேன். எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

பிள்ளைகள் கட்டும் பீஸில் முக்கால்வாசி டீச்சர் சம்பளத்துக்கே போய்விடும். அப்படியும் அவர்களுக்கு நான் கொடுப்பது போதாது என்று எனக்குத் தெரியும். ஆர்டிஇ பிள்ளைகள் நுழைவு வகுப்பில் 25 சதவீதம். அவர்கள் வருவதில் எனக்குச் சந்தோஷம்தான். அவர்களுக்கான கட்டணத்தை அரசு தரும், ஆனால் காலம் தாழ்த்தித் தரும். மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் நிதித் தகராறு வந்து 2025-26இல் ஆர்டிஇ சேர்க்கையே அக்டோபர் வரை தள்ளிப்போனதைப் பார்த்தீர்கள். அந்த மாதங்களிலும் மின்கட்டணம் கட்டத்தான் வேண்டும்.

கட்டடம் என்று வந்தால் சும்மா விட முடியாது. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16ஆம் தேதி நடந்ததை இந்தப் பக்கத்துக்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். சமையல் கொட்டகையில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் போனார்கள். அதற்குப் பிறகுதான் கீற்றுக் கொட்டகைப் பள்ளிகளுக்கு முடிவு வந்தது. பல பள்ளிகள் கையில் இருந்த காசுக்கு ஆஸ்பெஸ்டாஸ், தகர ஷீட் என்று மாறின. இப்போது அங்கீகாரம் புதுப்பிக்கக் கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறைத் தடையின்மைச் சான்று நான்கும் வேண்டும். வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. அதற்கெல்லாம் ஆகும் செலவு கட்டணத்துக்குள் அடங்குவதில்லை.

ஆகவே அட்டை யோசனை சொன்னவர்களைப் பேராசைக்காரர்கள் என்று நினைக்காதீர்கள். வேறு வழி தெரியாமல் சொல்கிறார்கள். ஆனால் டீச்சர் எழுதிய அந்தத் திங்கட்கிழமையைப் படித்தபின் என் பள்ளியில் அட்டை போட மாட்டேன்.

குத்தாலத்து அம்மா:

ஐயா, நீங்கள் எழுதியதற்கு ரொம்ப நன்றி. எங்கள் தாளாளர் அம்மாவும் இதைத்தான் சொல்ல வந்திருப்பார், கூட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசியதில் சொல்ல முடியாமல் போய்விட்டது. அவரை நான் நேரில் போய்ப் பார்க்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீங்கள் இங்கே எழுதிய இந்தக் கணக்கை உங்கள் பள்ளிப் பெற்றோரிடம் சொல்லியிருக்கிறீர்களா? சம்பளம் இவ்வளவு, வரவேண்டியது இவ்வளவு, கையில் இருப்பது இவ்வளவு என்று? சொன்னால் மரியாதை குறையும் என்று பல நிர்வாகிகள் நினைக்கிறார்கள். எனக்குத் தெரிந்த பெற்றோர்கள் கணக்கு தெரியாததால்தான் சந்தேகப்படுகிறார்கள்.

கட்டட வேலைக்காரன்:

பணப் பேச்சுக்கு நடுவில் ஒரு எச்சரிக்கை. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைச் சுத்தியலால் உடைத்துக் கீழே தள்ளுவார்கள், தள்ள விடாதீர்கள். அந்தத் தூசியில் இருக்கும் நார் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது. ஷீட்டை நன்றாகத் தண்ணீர் விட்டு நனைத்து, ஷீட்டைப் பிடித்திருக்கும் ஜே போல்ட்டை வெட்டிக் கழற்றி, முழு ஷீட்டாக இறக்க வேண்டும். துளை போடவோ அறுக்கவோ கூடாது. வேலை செய்பவர்களுக்கு நல்ல முகமூடி கொடுங்கள், துணி கட்டினால் போதாது. மே மாதம் பிள்ளைகள் இல்லாதபோது செய்யுங்கள். இறக்கிய ஷீட்டை யாராவது மாட்டுக்கொட்டகைக்குக் கேட்பார்கள், துண்டுகளைப் பள்ளத்தில் போட்டு நிரப்பக் கேட்பார்கள். கொடுக்காதீர்கள்.

பெற்றோர் சேர்ந்து சிரமதானமாகக் கூரை பிரிக்கலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். சுவருக்கு வெள்ளையடிக்கட்டும், செடி வைக்கட்டும். இந்த வேலை மட்டும் வேண்டாம்.

நாலாம் வகுப்பு டீச்சர்:

பெரியகடைத் தெரு அண்ணன் கூச்சம் விடுவது பற்றிக் கேட்டார். அதற்கு என் வகுப்பில் நான் செய்வதை எழுதுகிறேன்.

வருஷத்துக்கு ஒருமுறை, பொங்கலுக்கு முந்தின வாரம், வகுப்பில் சந்தை போடுவோம். பிள்ளைகளே விற்பவர்கள், பிள்ளைகளே வாங்குபவர்கள், கூடவே வரும் அம்மா, பாட்டிகளும். வீட்டில் விளைந்ததோ, உழவர் சந்தையில் மொத்தமாக வாங்கியதோ, காய்கறி வகுப்புப் பொதுவில் வந்துவிடும். எந்தப் பிள்ளையும் தனியாகக் கொண்டுவர வேண்டியதில்லை. தட்டுத் தராசு, படிக்கல் எல்லாம் ஒரு மளிகைக்கடைக்காரர் தருகிறார். எலக்ட்ரானிக் தராசு வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். தட்டு எந்தப் பக்கம் இறங்குகிறது என்று கண்ணால் பார்த்தால்தான் எடை புரியும்.

ஒருமுறை கத்தரிக்காய் கால் கிலோ 15 ரூபாய் என்று சிலேட்டில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு பாட்டி வந்து, "எனக்குக் கால் கிலோ எதுக்கு, நூறு கிராம் போடு" என்றார். விற்றுக்கொண்டிருந்த பிள்ளை வகுப்பில் வாய் திறந்து அதிகம் பேசாதவள். வகுத்தல் கணக்கில் எப்போதும் தடுமாறுவாள். நான் சொல்லிக்கொடுக்கலாம் என்று நகர்ந்தேன், அதற்குள் அவள் படிக்கல்லைப் பார்த்தாள். ஐம்பது கிராம் கல்லைக் கையில் எடுத்து, கால் கிலோவில் இது எத்தனை தரம் போகும் என்று விரல்விட்டாள். ஐந்து. அப்படியென்றால் ஒரு கல்லுக்கு மூன்று ரூபாய். "ஆறு ரூபா பாட்டி" என்றாள். பாட்டி விடவில்லை, "ஒரு காய் கொசுறு போடு" என்றார். "போட்டா டீச்சர் கணக்குல இடிக்கும் பாட்டி, கறிவேப்பிலை வேணா தர்றேன்" என்று பதில் வந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் வரவு செலவை நாலு குழுவாகப் பிரிந்து எழுதுவார்கள். முதல் எவ்வளவு, விற்றது எவ்வளவு, மிஞ்சிய காய் எவ்வளவு. கல்லாவில் பணம் குறைந்தால் எங்கே குறைந்தது என்று ஒரு மணி நேரம் தேடுவார்கள். மிஞ்சும் லாபம் முந்நூறோ நானூறோ இருக்கும். அதை என்ன செய்வது என்று வகுப்பே பேசி முடிவு செய்யும். ஒரு வருஷம் வகுப்பு நூலக மூலைக்குப் பாய் வாங்கினார்கள். ஒரு வருஷம் கேரம் போர்டு. கட்டட நிதிக்குக் கொடுக்கலாமே என்று நிர்வாகத்தில் கேட்டார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. அது அவர்கள் சம்பாதித்த பணம், அவர்கள் கண்முன் பொருளாக வந்து நிற்க வேண்டும். கூரை போடுவது பெரியவர்கள் பொறுப்பு.

மற்ற நாட்களில் பல்லாங்குழியில் கூட்டல், சுவரிதழில் ஊர்ச்செய்தி, வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் யாராவது ஒரு தாத்தாவோ பாட்டியோ வந்து கதை சொல்வது என்று ஓடுகிறது. இதற்கெல்லாம் பணமே தேவைப்படவில்லை. முப்பது பிள்ளைகளுக்கு மேல் இல்லாத வகுப்பு என்பதால் முடிகிறது.

பெரியகடைத் தெரு:

டீச்சர், அந்தக் கறிவேப்பிலைப் பதிலை என் கடையில் இருப்பவர்களுக்குப் படித்துக் காட்டினேன். இப்படிக் கூச்சம் விடுமென்றால் அட்டை தேவையில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதிகம் கொடுப்பவருக்கு ஒரு மரியாதை செய்யக்கூடாது என்று சொன்னால் அதை ஏற்க மாட்டேன். ஒரு லட்சம் கொடுப்பவர் பெயரைச் சுவரில் ஒரு கல்லில் பொறித்தால் என்ன குறைந்துவிடும்? கோயிலில் டியூப்லைட் கொடுத்தவர்கூடப் பெயர் எழுதுகிறார்.

ஆலங்குடி பக்கம்:

கோயிலுக்கு வருபவர் யார் பெயரையும் பார்க்காமல் சாமியைப் பார்த்துவிட்டுப் போய்விடலாம். பிள்ளை ஐந்து வருஷம் அந்தக் கல்லுக்கு எதிரில் உட்காரும். "எங்க தாத்தா கட்டின வகுப்பு இது" என்று ஒரு பிள்ளை சொன்னால் போதும். மரியாதை செய்ய வேண்டுமென்றால் அவர் வீட்டுக்குப் போய்ப் பழத்தட்டு வைத்து நன்றி சொல்லுங்கள், எல்லாப் பெற்றோரும் சேர்ந்து போங்கள்.

இரண்டு பிள்ளைகளின் அப்பா:

எங்கள் பள்ளியில் உணவுத் திருவிழா வைத்தோம், ஒரே நாளில் நல்ல தொகை வந்தது. தனித்தனிக் கடை வைக்க விடவில்லை. கடை வைத்தால் யார் கடையில் கூட்டம் என்ற போட்டி வந்துவிடும். பொதுச் சமையல், பொதுக் கல்லா. ஒருவர் அரிசி, ஒருவர் தேங்காய், ஒருவர் கேஸ் சிலிண்டர். கொடுக்க முடியாதவர்கள் வெங்காயம் உரிக்க வந்தார்கள், உண்மையில் அவர்கள்தான் எங்களைக் காப்பாற்றினார்கள். டோக்கன் பெரியவர்களுக்கு மட்டும், பிள்ளைகளுக்குச் சாப்பாடு இலவசம். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 முதல் தடை இருப்பதால் பாக்குமட்டைத் தட்டும் வாழையிலையும். கொழுக்கட்டை, கம்பங்கூழ், பருத்திப்பால் முதலில் தீர்ந்தன. பிரைடு ரைஸ் மிஞ்சியது.

குத்தாலத்து அம்மா:

நேற்றுக் கூட்டம் முடிந்தது. எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன்.

அட்டை இல்லை. கேடயமும் இல்லை. தாளாளர் அம்மா பள்ளியின் வரவு செலவை முதல்முறையாகப் பெற்றோர் முன்னால் படித்தார். கை நடுங்கியது, ஆனாலும் முழுதும் படித்தார். ஆர்டிஇயில் வரவேண்டிய பாக்கி எவ்வளவு என்று கேட்டபோது கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு அப்பா எழுந்து, "இதை முதல்லயே சொல்லியிருந்தா நாங்க வேற மாதிரி பேசியிருப்போமே" என்றார்.

முடிவானது இது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரே மாதிரி ஒரு காலி உறை. பெயர் எழுதக்கூடாது. பெற்றோர் கையாலேயே வாசலில் இருக்கும் பெட்டியில் போட வேண்டும், பிள்ளையிடம் கொடுத்தனுப்பக் கூடாது. வெறும் உறையாகவும் போடலாம், ஆனால் எல்லோரும் போட வேண்டும். விருதைக்காரன் அண்ணன் சொன்ன அரிசிச் சாக்கை மனசில் வைத்துத்தான் இதைக் கேட்டேன். பெரிய தொகை தருபவர்கள், ரசீது வேண்டுபவர்கள் வங்கியில் போடுவார்கள். அந்தப் பட்டியல் பொருளாளரிடம் மட்டும் இருக்கும், டீச்சர்கள் கைக்குப் போகாது. மொத்தத் தொகையும் செலவுப் பில் நகலும் மாதாமாதம் வாசல் பலகையில். கல்வெட்டு வேண்டாம் என்பதற்கு நாலு ஓட்டு குறைந்தால் தோற்றிருப்போம், அவ்வளவு வாக்குவாதம். பழத்தட்டு யோசனை சொன்னபிறகுதான் சிலர் இறங்கி வந்தார்கள்.

உணவுத் திருவிழா தை மாதம். பூக்கட்டும் அந்த அம்மா, அன்றைக்கு வாசல் தோரணமும் மேடைப் பூவும் தன் பொறுப்பு என்று அவராகவே சொன்னார். கழிப்பறை வேலை முதலில், அரைப் பரீட்சை லீவில். கூரை மே மாதம், கட்டட வேலைக்காரன் அண்ணன் சொன்ன முறையில்தான்.

கணக்கர் ஐயா, ஒரு சந்தேகம். உறையில் பெயரில்லாமல் வரும் பணத்தைக் கணக்கில் எப்படிக் காட்டுவது?

கணக்கர்:

நல்ல கேள்வி. வருமான வரிச் சட்டத்தில் பெயர் விவரம் இல்லாத நன்கொடைக்கு வரம்பு உண்டு. ஒரு லட்சம் ரூபாய், அல்லது அந்த வருஷ மொத்த நன்கொடையில் 5 சதவீதம், இதில் எது அதிகமோ அதுவரை சிக்கல் இல்லை. அதற்கு மேல் போனால் மேற்படும் தொகைக்கு அறக்கட்டளை 30 சதவீத வரி கட்ட வேண்டும். நூற்று முப்பது பிள்ளைகள் என்றால் நூறு குடும்பம்தான் வரும், உறையில் ஆளுக்குச் சில நூறு என்றால் ஒரு லட்சத்துக்குள் அடங்கிவிடும். தாண்டும் போலத் தெரிந்தால் பெட்டியை மூடிவிட்டு வங்கிக்குத் திருப்பிவிடுங்கள். பெட்டியைத் திறக்கும்போது மூன்று பேர் இருங்கள், அதில் ஒருவர் நிர்வாகத்தில் இல்லாத பெற்றோராக இருக்கட்டும். எண்ணிய அன்றே வங்கியில் கட்டிவிட்டு அந்தச் சலான் நகலைப் பலகையில் ஒட்டுங்கள்.

ஒரு தாளாளர்:

அம்மா, உறையில் என்ன வாசகம் அச்சடித்தீர்கள் என்று இங்கே போட முடியுமா? எங்கள் பெற்றோர் கூட்டம் அடுத்த சனிக்கிழமை. கணக்கையும் அன்றைக்கே படித்துவிடலாம் என்று இருக்கிறேன்.

குத்தாலத்து அம்மா:

இதுதான் ஐயா: "பின்கட்டு வகுப்புகளின் கூரைக்கும் கழிப்பறைக்கும். உங்களால் முடிந்ததை வைத்து, நீங்களே பெட்டியில் போடுங்கள். பெயர் வேண்டாம். பிள்ளைகளிடம் இதைப் பற்றிப் பள்ளியில் யாரும் கேட்க மாட்டார்கள்." கடைசி வரி டீச்சர்கள் கேட்டுச் சேர்த்தது.